பாம்புக்கடி ஊசி பிறந்த கதை

மருந்துக் குப்பி ஒரு விரல் உயரம் இருக்கும். அடியில் வெள்ளையாகக் கட்டிதட்டிய பொடி. மேலே ஒட்டிய சீட்டில் நான்கு பாம்புகளின் பெயரும் நான்கு எண்களும்: நல்ல பாம்பு 0.6, கண்ணாடி விரியன் 0.6, கட்டுவிரியன் 0.45, சுருட்டை விரியன் 0.45. கரைத்த மருந்தில் ஒரு மில்லி, அத்தனை மில்லிகிராம் விஷத்தை முறிக்கும் என்று கணக்கு. மதுராந்தகம் பக்கம் அறுப்புக் காலத்தில் கழனியில் கடிபட்டவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வரும் உறவுக்காரர்கள் முதலில் கேட்பது, "பாம்புக்கடி ஊசி இருக்குதா சார்?" என்றுதான். டாக்டர்களும் நர்சுகளும் அதை ஏ.எஸ்.வி. என்பார்கள்.

அந்தப் பொடி குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த புரதம். குதிரைக்கு அந்தப் புரதம் ஊறக் காரணமான பாம்பு விஷமும் பெரும்பாலும் புரதமே. அந்த விஷத்தில் பெரும்பங்கு கிளம்புகிற இடம் இங்கிருந்து தூரமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கும் வடநெம்மேலி. ஆனால் கதை தொடங்கியது வேறொரு நெல் விளையும் ஊரில், ஒரு பாம்புபிடிக்காரரிடம்.

1891 அக்டோபர். இன்றைய வியட்நாமின் தென்கோடியில் பக் லியூ. மழை வெள்ளம் வயல்களை மூடியதும் நாகங்கள் மேட்டைத் தேடிக் குடிசைகளுக்குள் ஏறின. நாற்பது பேரைக் கடித்தன. நான்கு பேர் செத்தார்கள். உள்ளூர்ப் பாம்புபிடிக்காரர் ஒருவர் பத்தொன்பது பாம்புகளை உயிரோடு பிடித்து ஒரு பீப்பாயில் அடைத்தார். பீப்பாய் சைகோனுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அந்த ஆண்டுதான் பாஸ்டர் ஆய்வுக்கூடம் தொடங்கியிருந்தது. பொறுப்பில் இருந்தவர் இருபத்தெட்டு வயது ஆல்பர் கால்மெத். பின்னாளில் பி.சி.ஜி. தடுப்பூசியின் பெயரில் நடு எழுத்தாக நிற்கப்போகும் அதே கால்மெத்தான். பாம்பு பிடித்தவரை அவர் தம் புத்தகத்தில் மறக்காமல் குறிப்பிடுகிறார், பெயர் மட்டும் இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டு பெர்லினில் பேரிங், கிடசாடோ என்ற இரு விஞ்ஞானிகள் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். தொண்டை அடைப்பான் நச்சைச் சிறுகச் சிறுக ஏற்றிய விலங்கின் ரத்தத்தில் அந்த நச்சை முறிக்கும் ஏதோ ஒன்று உண்டாகிறது. அந்த ரத்தத்தின் தெளிநீரை, அதாவது சீரத்தை, எடுத்து வேறு உயிருக்கு ஏற்றினால் அதுவும் பிழைக்கிறது. கால்மெத் இதையே நாக விஷத்தில் செய்தார். 1894 பிப்ரவரியில் பாரிஸில் அவர் முடிவை அறிவித்தபோது, ஃபிசாலிக்ஸ், பெர்த்ராந் என்ற வேறு இருவரும் விரியன் விஷத்தில் கண்ட அதே முடிவோடு வந்திருந்தார்கள். அடுத்து பிரான்சின் லீல் நகரில் குதிரைகளைக் கொண்டு மருந்து தயாராகத் தொடங்கியது, இந்தியாவுக்கும் வந்தது.

கால்மெத் ஒரு விஷயத்தில் அவசரப்பட்டார். நாகத்தின் விஷத்தில் பிறந்த சீரம் எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று நம்பினார். இந்தியாவில் அதைச் சோதித்தவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்த ஜார்ஜ் லேம்ப். நல்ல பாம்புக்கு அந்தச் சீரம் வேலை செய்தது. கண்ணாடி விரியனுக்குத் துளியும் செய்யவில்லை. ஒரே குதிரை, ஒரே முறை, ஒரே மருந்து. ஒரு பாம்பிடம் கேட்டது இன்னொன்றிடம் ஏன் கேட்கவில்லை? பதில் புரதத்தின் வடிவத்தில் இருந்தது. அந்த வடிவத்தைப் பார்க்கும் வழி அப்போது உலகத்தில் யாரிடமும் இல்லை.

இப்போது இருக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. இருபது வகை அமினோ அமிலம். எது எதற்கு அடுத்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம் எல்லாம். உயிரணுவுக்குள் உருவாகும்போதே சங்கிலி மடிந்து சுருண்டு ஒரு குறிப்பிட்ட உருவம் எடுக்கும். இஷ்டப்படி மடிய முடியாது. ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய இடம் இரண்டே. அந்த இரண்டு திருப்பங்களிலும் பெரும்பாலான கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். எந்தெந்தக் கோணம் ஆகும், எது ஆகாது என்று வரைபடம் போட்டுக் காட்டியவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய மாணவர்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரும், ஆண்டு 1963. கிண்டி வளாகத்தில் மேசைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. கிளைசின் தவிர மற்ற அமினோ அமிலங்களுக்கு அந்தப் படத்தில் நாலில் ஒரு பங்கு இடம்கூடத் தேறாது. இன்று உலகத்தில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று ராமச்சந்திரன் படத்தில் வைத்துப் பார்க்காமல் யாரும் வெளியிடுவதில்லை. பாம்பு விஷத்துக்கும் அதே சட்டம்தான்.

நல்ல பாம்பின் நரம்பு நச்சை எடுத்துக்கொள்வோம். அறுபதிலிருந்து எழுபத்தைந்து அமினோ அமிலங்களுக்குள் முடிந்துவிடும் குட்டிப் புரதம். நடுவில் ஒரு கெட்டியான முடிச்சு; அதிலிருந்து மூன்று மடிப்புகள் நீண்டிருக்கும். அதனால் விஞ்ஞானிகள் வைத்த பெயர் மூவிரல் நச்சு. முடிச்சை இறுக்கிப் பிடித்திருப்பவை நான்கு அல்லது ஐந்து கந்தகப் பிணைப்புகள். இதனால்தான் சாதாரண சூட்டில் அது உருக்குலைவதில்லை. நம் தசைகளில் அசிட்டைல்கோலின் என்ற செய்தியை வாங்கிக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறது. மூவிரல் நச்சு போய் அந்த வாயிலில் உட்கார்ந்துகொள்ளும். பூட்டுக்குள் தப்பான சாவியை விட்டு ஒடித்துவிட்ட மாதிரி: திறக்கவும் திறக்காது, சரியான சாவியை நுழையவும் விடாது. மூளை கட்டளை அனுப்பும், தசைக்கு எட்டாது. முதலில் இமை தொங்கும், பிறகு பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுவிடும் தசை நிற்கும்.

கண்ணாடி விரியனின் விஷம் வேறு ரகம். அதில் பெரிய பெரிய நொதிகள். ரத்தம் உறைவது என்பது ஒரு புரதம் அடுத்ததை வெட்டித் தூண்டிவிட, அது அதற்கடுத்ததைத் தூண்டிவிட, இப்படித் தொடராக நடக்கிற வேலை. அந்தத் தொடரின் நடுவில் காரணி பத்து என்று ஒன்று உண்டு. விரியனின் நொதி அதைச் சரியாக ஒரே இடத்தில் வெட்டும். உடம்பு முழுக்க உறைதல் ஒரே நேரத்தில் முடுக்கிவிடப்பட்டு, உறையவைக்கும் சரக்கு எல்லாம் வீணாகத் தீர்ந்துபோகும். அப்புறம் ஈறில் ரத்தம், சிறுநீரில் ரத்தம். கட்ட ஒன்றும் மிச்சமில்லை.

இதைக் கண்டுபிடிக்க நம் அரசு மருத்துவமனைகளில் செய்யும் சோதனையைப் போல எளிய சோதனை மருத்துவத்தில் குறைவு. இரண்டு மில்லி ரத்தம் எடுத்துச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிச் சோதனைக் குழாயில் விட்டு, யாரும் தொடாமல் இருபது நிமிடம் நிறுத்தி வைப்பார்கள். பிறகு ஒருமுறை சாய்ப்பார்கள். ரத்தம் கட்டியாக நின்றால் நிம்மதி. தண்ணீராக வழிந்தால் விரியன் வேலை தொடங்கிவிட்டது. குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவியதும் கூடாது. உறைதலைக் கிளப்பிவிடுவதே கண்ணாடியின் மேற்பரப்பு என்பதால் இந்தக் கறார். இதே விரியனின் விஷத்தைக் கொண்டு 1934ல் இங்கிலாந்தில் மாக்ஃபர்லேன் என்ற மருத்துவர், ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளின் காயத்தில் ரத்தத்தை நிறுத்திக் காட்டினார். உயிரைக் குடிக்கும் புரதமே அளவோடு, உரிய இடத்தில் வைத்தால் மருந்து.

இப்போது லேம்ப் கண்டது புரியும். நாகத்தின் மூவிரல் நச்சைப் பார்த்துக் குதிரை தன் ரத்தத்தில் செய்துகொண்ட, நச்சை முறிக்கும் புரதமான எதிர்ப்பொருள் அந்த நச்சின் மேடுபள்ளத்தைக் கவ்விப் பிடிக்க ஏற்றது. விரியனின் நொதிக்கு உருவமே வேறு. அதைப் பிடிக்க அதையே பார்த்த எதிர்ப்பொருள் வேண்டும். ஆகவே நம் நாட்டில் அதிகம் கொல்லும் நான்கு பாம்புகளின் விஷத்தையும் குதிரைக்கு ஏற்றிக் கூட்டு மருந்து செய்வது என்று ஆனது. பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனம் அதில் பேர்போனது. குப்பிச் சீட்டில் நான்கு பெயர்கள் வந்தது இப்படித்தான்.

குதிரைக்கு முதலில் ஏற்றுவது இம்மியளவு விஷம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கழுத்து ரத்தக் குழாயில் ரத்தம் எடுத்துப் பிளாஸ்மாவைப் பிரித்துக்கொண்டு சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பி ஏற்றுவதும் உண்டு. எதிர்ப்பொருளுக்கு இரண்டு கை, ஒரு தண்டு. நச்சைப் பிடிப்பது கைகள்; தண்டு நமக்கு வேண்டாதது, ஒவ்வாமையைக் கிளப்பும். பெப்சின் என்ற நொதியை, நம் இரைப்பையில் இறைச்சியைச் செரிக்கிற அதே நொதியை விட்டால் அது தண்டை அரித்துவிட்டுக் கைகள் இரண்டையும் சேர்ந்தபடியே விட்டுவைக்கும். அதைச் சுத்தம் செய்து, உறைய வைத்து ஈரத்தை உறிஞ்சி எடுத்தால் குப்பியில் பார்த்த வெள்ளைப் பொடி. நர்ஸ் அதில் ஊசித் தண்ணீரை விட்டுக் கரைக்கும்போது கவனித்துப் பாருங்கள்: குலுக்கமாட்டார், மெல்லச் சுழற்றுவார். குலுக்கினால் நுரைக்கும், நுரையில் புரதம் மடிப்பு அவிழ்ந்து வீணாகும்.

கண்ணாடி விரியன் ஒரு கடியில் இறக்கும் விஷம் சராசரியாக 63 மில்லிகிராம். ஒரு குப்பி பத்து மில்லி, ஆகவே 6 மில்லிகிராமை முறிக்கும். முதல் தவணையிலேயே எட்டு, பத்து குப்பி ஏற்றுவது இந்தக் கணக்கில்தான். குழந்தைக்கும் அதே அளவு. ஆள் சின்னது என்று பாம்பு விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லையே.

சரி, குதிரைக்கு விஷம்? அதற்குத்தான் வடநெம்மேலி.

செங்கல்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் வட்டாரத்து ஏரிக்கரைகளிலும் புறம்போக்குகளிலும் இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. கழனி வரப்பில் எலி வளையைத் தோண்டி எலியைப் பிடிப்பார்கள், எலி சேர்த்து வைத்த நெல்லையும் எடுத்துக்கொள்வார்கள். எலி இருக்கும் இடத்தில் பாம்பு. மண்ணில் ஊர்ந்த தடம், உரித்த சட்டை, எச்சம் இவற்றைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது, எப்போது போனது என்று சொல்லும் பயிற்சி அவர்களுக்குத் தலைமுறைகளாக உண்டு. அந்தத் திறமையை நாம் எதற்குப் பயன்படுத்தினோம் தெரியுமா? தோலுக்கு. பாம்புத்தோல் பையும் செருப்புமாக வெளிநாடு போனது. இருளருக்குக் கிடைத்தது வியாபாரி கொடுத்த சில்லறை. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976ல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடையானது. பாம்புக்கு நல்லது, இருளர் வீட்டு அடுப்பு அணைந்தது. காட்டைக் காக்கும் சட்டங்கள் அந்தக் காட்டில் பிழைப்பவனிடம் ஒரு வார்த்தை கேட்காமலே வருவது நம் வழக்கம்.

கிண்டியில் பாம்புப் பண்ணையும் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையும் தொடங்கிய ராமுலஸ் விட்டேகருக்கு இருளர்களிடம் நீண்ட பழக்கம். பாம்பு பிடிக்கும் நுணுக்கத்தை அவர்களிடம் கற்றுக்கொண்டதாக அவரே சொல்வார். அவர் துணையோடு 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது. கொன்று தோலை விற்பதற்குப் பதில், உயிரோடு பிடித்து விஷத்தை எடுத்துக்கொண்டு பாம்பை விட்டுவிடுவது. யோசனை எளிது, ஆனால் வனத்துறை அனுமதியும் மருந்து நிறுவனங்களின் நம்பிக்கையும் கிடைத்து விஷம் எடுக்கும் வேலை சூடுபிடிக்க 1980கள் ஆயின.

இன்றும் போய்ப் பார்க்கலாம். மணல் பரப்பிய பள்ளம், சுற்றி நின்று பார்க்க இடம், வரிசையாக மண்பானைகள், பானை வாயில் கட்டிய துணி. துணியை அவிழ்த்துப் பாம்பைக் கொக்கியால் தூக்கி வெளியே விட்டு, தலையை அழுத்திப் பிடித்து, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் கோப்பையின் விளிம்பில் கடிக்க வைப்பார்கள். சவ்வைத் துளைத்த பல்லிலிருந்து ஓரிரு துளி இறங்கும். மஞ்சளாக இருந்தால் அந்த நிறத்துக்கும் ஒரு நொதிதான் காரணம்: எல்-அமினோ அமில ஆக்சிடேஸ், பி2 வைட்டமினிலிருந்து வரும் நிறமியைத் தன்னோடு வைத்திருப்பது. மூன்று நான்கு வாரம் வைத்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்துவிட்டு, அடிவயிற்றுச் செதிலில் அடையாளமாகச் சின்ன வெட்டு வைத்துக் காட்டில் விடுவார்கள். அதே பாம்பு திரும்ப மாட்டினால் தெரிந்துவிடும். சுருட்டை விரியன் சின்னப் பாம்பு; ஒரு கிராம் சேர்வதற்குள் நூற்றுக்கணக்கான முறை எடுத்தாக வேண்டும். பொடியாக உலர்த்திய விஷம் நாட்டின் பல மூலைகளில் இருக்கும் மருந்து நிறுவனங்களுக்குப் போகும். இந்தியாவில் பாம்புக்கடி ஊசி போட்டு யார் பிழைத்தாலும் பெரும்பாலும் அந்தக் குப்பியின் தொடக்கத்தில் ஓர் இருளரின் கை இருக்கிறது.

பக் லியூவின் பாம்புபிடிக்காரருக்குக் கிடைக்காதது இங்கே காலம் கடந்து கிடைத்தது. 2023ல் பத்மஸ்ரீ பட்டியலில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு பெயர்கள் வந்தன. இருவரும் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள், சங்கத்தைச் சேர்ந்தவர்கள். மலைப்பாம்பு பெருகிப்போய்த் தவித்த அமெரிக்காவின் ஃபுளோரிடா 2017ல் உதவிக்கு அழைத்ததும் இவர்களைத்தான். விருது நல்லதுதான். ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை தரும் அனுமதியையும், எவ்வளவு விஷம் வாங்கலாம் என்று நிறுவனங்கள் எடுக்கும் முடிவையும் நம்பித்தான் இன்னும் அவர்கள் பிழைப்பு ஓடுகிறது. உயிர்காக்கும் மருந்தின் மூலப்பொருளைத் தருபவர்களுக்கு ஆண்டு முழுக்க உறுதியான வருமானம் தர ஓர் அரசால் முடியாதா?

சொந்த ஊர் என்று ஒன்று இந்த மருந்துக்கும் இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பாம்பு எங்கே வாழ்கிறதோ, எதைத் தின்கிறதோ அதற்கேற்ப விஷத்தின் கலவை மாறும். செங்கல்பட்டுக் கண்ணாடி விரியனின் புரதக் கூட்டும் பஞ்சாப் பக்கத்துக் கண்ணாடி விரியனின் கூட்டும் ஒன்றல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனாகரின் குழு ஊர் ஊராக விஷம் எடுத்துச் சோதித்ததில், தெற்கத்தி விஷத்தில் பிறந்த மருந்து வடக்கிலும் கிழக்கிலும் பல இடங்களில் திணறுவது தெரிந்தது. ஜார்ஜ் லேம்ப் இரண்டு பாம்புகளுக்கு நடுவில் கண்டதை இவர்கள் ஒரே பாம்பின் இரண்டு ஊர்களுக்கு நடுவில் கண்டார்கள். இந்திய மருந்தையே நம்பியிருக்கும் இலங்கையில், அங்கே நிறையப் பேரைக் கடிக்கும் ஹிப்னாலே என்ற சிறு குழிவிரியனுக்கு அது உதவாது. அவ்வளவு தூரம் போவானேன்? மாமல்லபுரம், கல்பாக்கம் கடலில் வலை இழுக்கும்போது மாட்டிக்கொள்ளும் கடல் பாம்பின் பெயரும் குப்பிச் சீட்டில் கிடையாது.

குதிரையே வேண்டாம் என்ற முயற்சிகளும் நடக்கின்றன. 2024ல் சுனாகர் குழுவும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வகமும் சேர்ந்து, ஆய்வகத்திலேயே உருவாக்கிய மனித எதிர்ப்பொருள் ஒன்றை வெளியிட்டன. நச்சு போய் உட்காரும் வாயிலின் சாயலை அது தானே போட்டுக்கொண்டு நச்சை ஏமாற்றிப் பிடிக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் பேக்கரின் குழு, இயற்கையில் எங்குமே இல்லாத ஒரு புரதத்தைக் கணினியில் வடிவமைத்து, மூவிரல் நச்சு ஏற்றிய எலிகளைக் காப்பாற்றியது. எல்லாம் ஆய்வக அளவில். மருந்துக்கடைக்கு வர நாளாகும். அதுவரை குதிரை, அதுவரை வடநெம்மேலிப் பானைகள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம், ஆண்டுக்கு 58 ஆயிரம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமத்தார். மருந்து கண்டுபிடித்து நூறு ஆண்டுக்கு மேலாகியும் இத்தனை பேர் சாகக் காரணம் பல. அதில் ஒன்று நம் கையில் இருக்கிறது, தாமதம். எதிர்ப்பொருள் ரத்தத்தில் திரியும் நச்சைத்தான் பிடிக்கும். கட்டுவிரியனின் நச்சு நரம்பு முனையை அழித்துவிட்ட பிறகு எத்தனை குப்பி ஏற்றினாலும் அந்த முனையைத் திருப்பித் தராது. நரம்பு தானாகத் தேறும்வரை வென்டிலேட்டரில் கிடக்க வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலிகூடப் பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை சொருகல் என்றால் பாம்பைப் பார்க்கவில்லை என்று சும்மா இருக்காதீர்கள்.

கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம். மந்திரிப்பவரிடம் போய் ஒரு மணி நேரத்தைத் தொலைக்க வேண்டாம். பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை, நான்குக்கும் ஒரே ஊசிதான். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, ஆளை நடக்க விடாமல், 108க்கு அடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே இந்த ஊசிக்குக் காசு கிடையாது.